மெஷின் நடுங்கினால் விறைப்பைக் கூட்டுவதா, தணிப்பைக் கூட்டுவதா?

கேள்வி இதுதான். ஒரு பட்டறையில் எஃகு ஃபிரேமின் மேல் மோட்டாரோடு சேர்த்து ஒரு ஃபேன் ஏற்றப்பட்டிருக்கிறது. நேரடி மின் இணைப்பில் 1480 ஆர்.பி.எம்.மில் ஓடிய வரைக்கும் தொல்லை இல்லை. கரண்ட் மிச்சமாகட்டும் என்று வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்கருவி) மாட்டி, 600 முதல் 1480 வரை தேவைக்கேற்ப ஓட்ட ஆரம்பித்ததும், 900 பக்கம் வரும்போது ஃபிரேம் பக்கவாட்டில் பலமாக ஆடுகிறது. ஃபேப்ரிகேஷன் செய்தவர் கால்களுக்குக் குறுக்குச் சட்டம் வெல்டு செய்யச் சொல்கிறார். மெயின்டனன்ஸ் ஆள் அடியில் ரப்பர் பேட் வைக்கச் சொல்கிறார். கேட்டவர் கூடவே இரண்டு சந்தேகங்களையும் சேர்த்திருக்கிறார்: சமன்பாட்டில் ஸ்பிரிங் விசை, டாம்பர் விசை இரண்டுமே அசைவை எதிர்ப்பதாகத்தானே போடுகிறோம், அப்புறம் என்ன பெரிய வித்தியாசம்? அதிர்வைக் கணக்கிடும் மென்பொருளில் தணிப்புக்கு ஆல்ஃபா, பீட்டா என்று கேட்கிறதே, அங்கே என்ன எண் கொடுப்பது?

முதல் சந்தேகம் தீர்ந்தால் மற்றதெல்லாம் வழிக்கு வரும். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். ஃபிரேம் வளைந்து கொடுக்க மறுக்கும் அளவுதான் விறைப்பு; கணக்கில் அதை ஒரு ஸ்பிரிங்காக வைக்கிறோம். ஆட்டத்தின் ஆற்றலைக் கரைக்கும் தன்மை தணிப்பு; அதை ஒரு டாம்பராக வைக்கிறோம்.

ஸ்பிரிங் அசைவைக் கண்டுகொள்வதே இல்லை. நடுநிலையிலிருந்து நிறை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. விறைப்பை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் ஸ்பிரிங் விசை. திசை எப்போதும் நடுவை நோக்கி. டாம்பருக்கு நிறை எங்கே நிற்கிறது என்பது தெரியாது. எவ்வளவு வேகமாக, எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அதற்குத் தெரியும். தணிப்புக் கெழுவைத் திசைவேகத்தால் பெருக்கினால் டாம்பர் விசை. திசை எப்போதும் போகும் பக்கத்துக்கு எதிராக.

ஒரு முழுச் சுற்றைக் கால் கால் பங்காகப் பார்ப்போம். நிறை நடுவிலிருந்து வலப்பக்கம் கிளம்புகிறது. ஸ்பிரிங் இடப்பக்கம் இழுக்கிறது, டாம்பரும் இடப்பக்கம் இழுக்கிறது. வலது ஓரத்தில் நிறை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் ஸ்பிரிங் விசை உச்சத்தில், டாம்பர் விசை பூஜ்யத்தில். திரும்பி வரும்போது ஸ்பிரிங் இன்னும் இடப்பக்கம்தான் இழுக்கிறது, ஆனால் நிறையும் இப்போது இடப்பக்கம்தான் போகிறது. அதாவது ஸ்பிரிங் அதை முடுக்கி விடுகிறது. டாம்பர் மட்டும் திசை மாறி வலப்பக்கம் தடுக்கிறது. நடுவைக் கடக்கும்போது ஸ்பிரிங் விசை பூஜ்யம், டாம்பர் விசை உச்சம். இடது பாதியிலும் இதே கதைதான்.

ஆக, ஒரு சுற்றின் நான்கு கால் பங்குகளில் இரண்டில் இருவரும் ஒரே பக்கம், இரண்டில் எதிரெதிர்ப் பக்கம். பாடத்தில் தனித்த பொருள் படம் வரையும்போது நிறை வலப்பக்கம் இருக்கிறது, வலப்பக்கம் போய்க்கொண்டும் இருக்கிறது என்று ஒரு கணத்தைப் பிடித்து வரைகிறோம். அதனால்தான் இரண்டு அம்புக்குறிகளும் ஒரே திசையில் நிற்கின்றன. அந்தப் படத்தை முழுச் சுற்றுக்கும் பொருத்திப் பார்த்தால் குழப்பம்தான் வரும்.

ஆற்றல் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவு. ஸ்பிரிங் ஓரத்துக்குப் போகும்போது வாங்கிய ஆற்றலைத் திரும்பி வரும்போது முழுசாகத் தந்துவிடுகிறது. ஒரு சுற்று முடிவில் அதன் நிகர வேலை பூஜ்யம். டாம்பர் போகும்போதும் எடுக்கிறது, வரும்போதும் எடுக்கிறது. எடுத்தது வெப்பமாகிப் போய்விடும். விறைப்பை எவ்வளவு கூட்டினாலும் அதிர்வின் ஆற்றலில் ஒரு துளிகூடக் கரையாது. அந்த ஆற்றல் எந்த அதிர்வெண்ணில் ஊசலாடும் என்பதை மட்டுமே விறைப்பால் மாற்ற முடியும்.

சரி, இனி ஃபேனுக்கு வருவோம். எண்களைப் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்த விஷயத்தில் உள்ளுணர்வு பலரையும் தவறான பக்கம் இழுக்கிறது.

ஆடும் நிறை மொத்தம் 200 கிலோ என்று வைப்போம். 900 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 15 சுற்று, 15 ஹெர்ட்ஸ். அந்த வேகத்தில்தான் ஆட்டம் உச்சம் என்றால் ஃபிரேமின் பக்கவாட்டு இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் அதிர்வெண், 15 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து விறைப்பைக் கணக்கிட்டால் மில்லிமீட்டருக்குச் சுமார் 1,780 நியூட்டன். வெறும் வெல்டு செய்த எஃகு ஃபிரேமுக்குத் தணிப்பு விகிதம் (ஆடாமலே நடுநிலைக்குத் திரும்பத் தேவையான தணிப்பில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) 2 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம். இனி, ஃபேனின் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் பிளேடில் 400 மில்லிமீட்டர் ஆரத்தில் 10 கிராம் தூசி ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு டீஸ்பூன் அளவு அழுக்கு. 900 ஆர்.பி.எம்.மில் அது தரும் சுழல் விசை சுமார் 36 நியூட்டன். மூன்றரைக் கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. அவ்வளவுதான்.

இந்த 36 நியூட்டனை ஆடாமல் நின்ற நிலையில் ஃபிரேமின் மேல் கொடுத்தால் அது 0.02 மில்லிமீட்டர் நகரும், கண்ணுக்கே தெரியாது. ஒத்ததிர்வில், அதாவது சுற்றும் வேகம் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும்போது, அதே விசை அரை மில்லிமீட்டர் வீச்சைத் தருகிறது, அதாவது 25 மடங்கு. அந்த நேரத்தில் உள்ளே ஓடும் விசைகளைப் பாருங்கள். ஸ்பிரிங் விசையின் உச்சம் சுமார் 890 நியூட்டன். நிறையை முன்னும் பின்னும் முடுக்கத் தேவையான விசையும் அதே 890 நியூட்டன். இரண்டும் சரியாக ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. வெளியிலிருந்து யாரும் எதுவும் தர வேண்டியதில்லை. எஞ்சியது டாம்பர் விசை. அதன் உச்சம் 36 நியூட்டன். தூசியின் 36 நியூட்டனை எதிர்த்து நிற்க அதைத் தவிர அங்கே வேறு யாருமில்லை.

தணிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கியமானது இந்த இடம்தான். மற்ற வேகங்களில் 890-க்கு முன்னால் 36 ஒரு பொருட்டே அல்ல, கணக்கில் விட்டுவிட்டால்கூட விடை பெரிதாக மாறாது. ஒத்ததிர்வில் மட்டும் பெரிய இரண்டு விசைகளும் தங்களுக்குள் தீர்ந்துபோய், சின்னதுதான் வீச்சைத் தீர்மானிக்கிறது. தணிப்பு இரட்டிப்பானால் வீச்சு பாதி. ஐந்து மடங்கானால் 0.1 மில்லிமீட்டர்.

அதே ஃபேன் 1480-ல் ஏன் அமைதியாக ஓடியது? அங்கே சுழல் விசை கிட்டத்தட்ட 96 நியூட்டன், அதாவது 900-ல் இருந்ததைவிட 2.7 மடங்கு. ஆனால் வீச்சு 0.03 மில்லிமீட்டர்தான். இயல்பு அதிர்வெண்ணைத் தாண்டிவிட்டால் அசைவைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் நிறையின் சோம்பல்தான். அவ்வளவு வேகமாக முன்னும் பின்னும் போக 200 கிலோ மறுக்கிறது. 450-ல் ஓட்டினால் அங்கே ஸ்பிரிங் ராஜ்ஜியம்: வீச்சு 0.007 மில்லிமீட்டர். கீழே விறைப்பு, மேலே நிறை, நடுவில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் தணிப்பு. உங்கள் வி.எஃப்.டி. அந்தக் குறுகிய பட்டையில் ஃபேனை நிறுத்தி வைத்திருக்கிறது. இதற்கு முன் அது ஸ்டார்ட் ஆகும்போது இரண்டு நொடியில் தாண்டிப் போன இடம்.

இப்போது அந்த இரண்டு யோசனைகளையும் எடை போடலாம்.

குறுக்குச் சட்டம். இயல்பு அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. விறைப்பை இரட்டிப்பாக்கினால் 900 என்பது 1270 ஆகும், அவ்வளவுதான். பிரச்சினை 900-லிருந்து 1270-க்கு இடம் மாறுகிறது. அதுவும் ஓட்டும் எல்லைக்குள்ளேயே. அதைவிட மோசம், அங்கே சுழல் விசை இன்னும் அதிகம். 1480-க்கு மேல் போய், கொஞ்சம் இடைவெளியும் விட வேண்டுமென்றால் 1800 பக்கம் கொண்டுபோக வேண்டும். அதற்கு விறைப்பு நாலு மடங்காக வேண்டும். கால்கள் வளைந்து ஆடுகிற ஃபிரேமாக இருந்தால், மூலைவிட்டமாகச் சட்டம் கொடுத்து நாலு மடங்கு எட்டிவிடலாம். வளைந்து தாங்கிய கால்கள் இழுவிசை, அமுக்கு விசையில் தாங்க ஆரம்பித்துவிடும். கிடைமட்டமாக ஒரு ஆங்கிளை இழுத்து வெல்டு செய்தால் பெரும்பாலும் எட்டாது. எட்டிவிட்டால் பலன் அருமை: 900-ல் 0.007 மில்லிமீட்டர், 1480-ல் 0.04. எங்குமே உச்சம் இல்லை. நடுவில் நின்றுவிடும் அரைகுறை விறைப்புதான் ஆபத்து.

ரப்பர் பேட். இது விறைப்பைக் குறைக்கிற வேலை. இயல்பு அதிர்வெண் கீழே இறங்கும். கூடவே ரப்பர் கொஞ்சம் தணிப்பும் தரும். ஆனால் எவ்வளவு இறங்க வேண்டும்? ஓட்டும் மிகக் குறைந்த வேகம் 600 என்றால் இயல்பு அதிர்வெண் அதில் பாதிக்காவது, அதாவது 300 ஆர்.பி.எம்., 5 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். மெஷினின் எடையால் மட்டுமே மவுன்ட் (அடியில் தாங்கும் பேட் அல்லது ஸ்பிரிங்) 10 மில்லிமீட்டர் அமுங்கினால்தான் அது மேலும் கீழுமாக 5 ஹெர்ட்ஸில் ஆடும். கோடு போட்ட பத்து மில்லிமீட்டர் ரப்பர் ஷீட் 10 மில்லிமீட்டர் அமுங்காது. ஒன்றோ இரண்டோ அமுங்கும். ஆகவே இந்த வேலைக்குச் சுருள் ஸ்பிரிங் மவுன்ட்தான், பக்கவாட்டு விறைப்பையும் பார்த்து வாங்கியது. காற்றுக் குழாயான டக்ட் சேரும் இடத்தில் வளைந்து கொடுக்கும் கேன்வாஸ் பெல்லோஸும் வேண்டும். இல்லாவிட்டால் அந்த டக்டே ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்யும்.

ரப்பர் பேட் என்றதும் அதிர்வை அது உறிஞ்சிவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. மவுன்டின் முதல் வேலை மென்மையாக இருப்பது. தணிப்பு அதில் அதிகமாக இருந்தால் ஓடும் வேகத்தில் நிலைமை கெட்டுப்போகும். 5 ஹெர்ட்ஸ் மவுன்டில் 1480-ல் ஓடும் ஃபேனை எடுங்கள். தணிப்பு விகிதம் 5 சதவீதமாக இருந்தால் சுழல் விசையில் தரைக்குப் போய்ச் சேர்வது கிட்டத்தட்ட 5 சதவீதம். தணிப்பை 50 சதவீதமாக உயர்த்திப் பாருங்கள்: தரைக்குப் போவது 21 சதவீதம். நாலு மடங்குக்கும் மேல். டாம்பர் விசை திசைவேகத்தோடு ஏறுவதுதான் காரணம்; அதிர்வெண் கூடக் கூட அது மெஷினையும் தரையையும் இணைக்கும் விறைத்த தண்டு மாதிரி நடந்துகொள்கிறது. வேகம் இயல்பு அதிர்வெண்ணின் 1.41 மடங்கைத் தாண்டிய பிறகு, தரைக்குப் போகும் விசையைப் பொறுத்தவரை தணிப்பு எதிரிதான். அந்த எல்லைக்குக் கீழே அதுவே நண்பன்.

முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷினில் இந்த இழுபறியை அப்படியே பார்க்கலாம். உள்ளே டப் மேலே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, கீழே இரண்டு மூன்று உராய்வு டாம்பர்கள் தாங்குகின்றன. ஸ்பின் தொடங்கி வேகம் ஏறும்போது, சில நூறு ஆர்.பி.எம்.முக்குள்ளேயே டப்பின் இயல்பு அதிர்வெண் வந்து போகும். துணி ஒரு பக்கம் குவிந்திருந்தால் அந்த நேரத்தில் டப் பக்கச் சுவரில் மோதாமல் காப்பது டாம்பர்தான். வேகம் 1000, 1200 என்று ஏறிய பிறகு அதே டாம்பர் வழியாகத்தான் நடுக்கம் தரைக்குப் போகிறது. அதனால் வடிவமைப்பவர்கள், இயல்பு அதிர்வெண்ணைத் தாண்டிப் போகத் தேவையான அளவுக்கு மேல் அந்த உராய்வை வைப்பதில்லை. புது மெஷின் வரும்போது பின்பக்கம் டிரான்சிட் போல்ட் போட்டு டப்பை உடலோடு இறுக்கியிருப்பார்கள். அதைக் கழற்ற மறந்து ஸ்பின் ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நகரும். ஸ்பிரிங்கின் மென்மையை அந்தப் போல்ட்கள் பறித்துவிட்டன; விறைப்பைக் கூட்டியதால் நடுக்கம் கூடிய கச்சிதமான உதாரணம் அது.

வண்டி சஸ்பென்ஷனிலும் வேலைப் பங்கீடு இதுதான். பள்ளத்தில் இறங்கும் அடியை வாங்குவது ஸ்பிரிங். அதற்குப் பிறகு வண்டி குதித்துக்கொண்டே போகாமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். அதில் எண்ணெய் கசிந்துவிட்டால் வண்டியின் உயரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரு அமுக்கு அமுக்கி விட்டால்தான் மூன்று நாலு தடவை ஆடி நிற்பது தெரியும்.

மூன்றாவது வழி, நேரடியாகத் தணிப்பைக் கூட்டுவது. எஃகு தன்னளவில் மிகக் குறைவாகவே ஆற்றலைத் தின்னும். ஃபிரேமில் இருக்கும் தணிப்பின் பெரும்பகுதி இணைப்புகளிலிருந்து வருகிறது: போல்ட் போட்ட இடங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு வழுக்கல், அதில் உராய்வு. அதனால் முழுக்க வெல்டு செய்த ஃபிரேம் போல்ட் போட்டதைவிட அதிக நேரம் கணீரென்று ஒலிக்கும். லேத் பெட்டுக்குச் சாம்பல் வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுக்கும் காரணங்களில் ஒன்று, அதற்குள் இருக்கும் கிராஃபைட் செதில்கள் தரும் தணிப்பு. உங்கள் ஃபிரேம் பாக்ஸ் செக்‌ஷனாக இருந்தால் உள்ளே மணலோ கிரௌட்டோ (சிமெண்ட் கலவை) நிரப்பலாம். மலிவான வேலை. ஆனால் நிறையும் கூடும். இயல்பு அதிர்வெண் கொஞ்சம் நகரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு சின்னத் துணை நிறை: 10 கிலோ எஃகுத் துண்டை, 15 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே ஆடும்படி ஸ்பிரிங்கும் ரப்பரும் வைத்து ஃபிரேமின் உச்சியில் மாட்டுவது. சரியாகச் சுருதி கூட்டினால் உச்சத்தின் 25 மடங்கு பெருக்கம் ஆறு ஏழு மடங்குக்கு இறங்கும். 200 கிலோ ஆட்டத்தை 10 கிலோ அடக்குவது, அது ஒத்ததிர்வில் சரியான கட்டத்தில் ஆடுவதால்தான்.

விறைப்பா தணிப்பா என்ற கேள்வி உலகமே பார்க்க எழுந்த இடம் லண்டன் மில்லேனியம் பாலம். தேம்ஸ் நதியின் மேல் செயின்ட் பால் தேவாலயத்தையும் டேட் மாடர்ன் கலைக்கூடத்தையும் இணைக்கும் நடைபாலம். 2000 ஜூன் 10-ல் திறந்தார்கள். மக்கள் கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து நடக்க வேண்டியிருந்தது. ஜூன் 12-ல் மூடிவிட்டார்கள்.

நடக்கும் மனிதர் நொடிக்குச் சுமார் இரண்டு அடி வைக்கிறார். இடது கால் ஒரு பக்கம், வலது கால் மறுபக்கம் தள்ளுவதால் பக்கவாட்டு விசை நொடிக்கு ஒரு முறை சுற்றும், அதாவது 1 ஹெர்ட்ஸ். பாலத்தின் பக்கவாட்டு இயல்பு அதிர்வெண்கள் 0.5 முதல் 1 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருந்தன. வடிவமைத்த ஆரப் நிறுவனத்தின் பொறியாளர்கள் அதன் பிறகு நடத்திய சோதனைகளில் முக்கியமான ஒன்று தெரியவந்தது: நடப்பவர்கள் தரும் பக்கவாட்டு விசை பாலத்தளத்தின் திசைவேகத்துக்கு விகிதமாக ஏறியது. ஒருவருக்கு, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 300 நியூட்டன் என்று அளந்தார்கள். தளம் நொடிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் ஆடினால் ஒவ்வொருவரும் 15 நியூட்டன் கொடுக்கிறார். அதுவும் அசைவின் திசையிலேயே.

மேலே சொன்ன டாம்பர் வரையறையோடு இதை வைத்துப் பாருங்கள். திசைவேகத்துக்கு விகிதமான விசை, ஆனால் குறி தலைகீழ். ஒவ்வொரு பாதசாரியும் ஒரு எதிர்மறை டாம்பர். பாலத்தின் சொந்தத் தணிப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. ஆட்கள் சேரச் சேர அந்தத் தணிப்பு கரைந்துகொண்டே போய், ஒரு எண்ணிக்கையில் பூஜ்யமாகிறது. அதற்கு மேல் ஒருவர் ஏறினாலும் ஆட்டம் தானாக வளரும். வடக்குப் பகுதியில் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நடக்கவிட்டபோது, 160 பேர் அளவு வரைக்கும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சில பேர் கூடியதும் ஆட்டம் கிடுகிடுவென ஏறியது. நடப்பவர்கள் தாளம் சேர்ந்துவிடுவதுதான் காரணமா, தாளம் சேராமலே இந்த விசை வருமா என்று ஆய்வாளர்கள் பின்னாலும் விவாதித்தார்கள். எதிர்மறைத் தணிப்பு என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்.

விறைப்பைக் கூட்டித் தப்பிக்கலாமா என்று யோசித்தார்கள். 0.5 ஹெர்ட்ஸை 1.5-க்குத் தூக்க மும்மடங்கு வேண்டும். வர்க்கமூலக் கணக்கால் விறைப்பு ஒன்பது மடங்காக வேண்டும். 144 மீட்டர் நடுத்தாவலில், மிகத் தட்டையாக இழுத்துக் கட்டிய கேபிள்களில் நிற்கும் மெல்லிய பாலம் அது. ஒன்பது மடங்கு விறைப்பு என்றால் வேறு பாலம் கட்டுவதாகத்தான் அர்த்தம். ஆகவே தணிப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்: 37 எண்ணெய் டாம்பர்கள், கூடவே ஐம்பதுக்கும் மேற்பட்ட துணை நிறை டாம்பர்கள். 2002 பிப்ரவரியில் மறுபடி திறந்தார்கள். இன்றும் மக்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள். இங்கே தணிப்பு சரியான விடையாக இருந்ததற்குக் காரணம், வந்த விசையே திசைவேகத்தோடு சேர்ந்து வந்ததுதான். திசைவேகத்தோடு வரும் விசையைத் திசைவேகத்தோடு வரும் விசைதான் ஈடுகட்டும். அமெரிக்காவில் 1940 நவம்பர் 7-ல் டகோமா பாலம் விழுந்ததைப் பல பாடங்களில் ஒத்ததிர்வு என்று எழுதிவிடுகிறார்கள். அங்கேயும் காற்று, முறுக்கி ஆடும் தளத்துக்கு எதிர்மறைத் தணிப்பாக மாறியதுதான் நடந்தது.

உங்கள் ஃபேனில் அப்படி எதுவும் இல்லை. அங்கே வரும் விசை ஃபிரேமின் அசைவைப் பற்றிக் கவலைப்படாமல் சுற்றும் சாதாரண சமநிலைக் கோளாறு. அதனால் முதலில் செய்ய வேண்டியது இம்பெல்லரைத் துடைத்துவிட்டு பேலன்ஸ் செய்வது. பேலன்ஸிங்கை 900-ல் வைத்துச் செய்யாதீர்கள். ஒத்ததிர்வில் வேகம் பத்து ஆர்.பி.எம். மாறினாலே கட்டக் கோணம் (விசைக்கு அசைவு எவ்வளவு பின்தங்குகிறது என்பது) ஓடிவிடும், எடையை எங்கே வைப்பது என்று பிடிபடாது. 600-லோ 1480-லோ செய்யுங்கள். கூடவே வி.எஃப்.டி.யில் தவிர்க்க வேண்டிய அதிர்வெண் என்று ஒரு அமைப்பு இருக்கும். 850 முதல் 950 வரை நிற்காமல் தாண்டும்படி போடுங்கள். காற்றின் தேவை அந்த வேகத்தில்தான் என்றால் மட்டும் ஃபிரேமில் கை வைக்கலாம்.

கை வைக்கும் முன் ஒரு தட்டல் சோதனை. ஃபேனை நிறுத்தி, ஃபிரேமின் உச்சியில் பக்கவாட்டில் ஒரு அதிர்வு சென்சாரை ஒட்டி, மரக்கட்டையாலோ நைலான் சுத்தியாலோ ஒரு தட்டு. திரையில் தேய்ந்து போகும் அலை வரும். இரண்டு உச்சங்களுக்கு இடையிலான நேரம் இயல்பு அதிர்வெண்ணைச் சொல்லும். வீச்சு பாதியாக எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள்; 0.11-ஐ அந்த எண்ணால் வகுத்தால் தணிப்பு விகிதம். ஐந்தரைச் சுற்றில் பாதியானால் 2 சதவீதம். பதினொரு சுற்று ஆனால் 1 சதவீதம். அலையின் தேய்வு வளைகோடாக இல்லாமல் நேர்கோட்டில் இறங்கித் திடீரென நின்றுவிட்டால் அங்கே உலர்ந்த உராய்வு இருக்கிறது. எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கலாம். அதை இறுக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள். தளர்ந்த போல்ட் தணிப்பைக் கொஞ்சம் தந்தாலும் விறைப்பை நிறையத் தின்றுவிடும்.

மென்பொருளில் கேட்கும் ஆல்ஃபா, பீட்டாவுக்கும் இந்தச் சோதனையின் எண்தான் வேண்டும். ரேலி தணிப்பு என்பது கணக்கு வசதிக்காகத் தணிப்பை இரண்டு பங்காகப் பிரிப்பது: ஆல்ஃபா நிறைக்கு விகிதமான பங்கு, பீட்டா விறைப்புக்கு விகிதமான பங்கு. இரண்டும் அதிர்வெண்ணோடு எதிரெதிராக நடக்கும். 15 ஹெர்ட்ஸில் 2 சதவீதம் வரும்படி பீட்டாவை மட்டும் கொடுத்தால் 0.000424 நொடி, அதே பீட்டா 150 ஹெர்ட்ஸில் 20 சதவீதமாகி, அங்குள்ள அதிர்வுகளை இல்லாமலே ஆக்கிவிடும். ஆல்ஃபாவை மட்டும் கொடுத்தால் 150-ல் 0.2 சதவீதமாகத் தேய்ந்துவிடும். உங்கள் வேக எல்லை 10 முதல் 25 ஹெர்ட்ஸ். அந்த இரண்டு முனைகளிலும் 2 சதவீதம் வரும்படி ஆல்ஃபா 1.8, பீட்டா 0.00018 கொடுங்கள்; நடுவில் 15 ஹெர்ட்ஸில் 1.8 சதவீதம் வரும், அது போதும். 25 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் விடைகளை நம்ப வேண்டாம்.

மூலைவிட்டச் சட்டம் வெல்டு செய்த பிறகு மறுபடி தட்டிப் பாருங்கள். விறைப்பு நாலு மடங்கானால் 30 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். ஃபிரேமைத் தடித்தடியாக்கியும் 19 ஹெர்ட்ஸில் நின்றுவிட்டது என்றால், ஃபிரேமுக்கு அடியில் இன்னொரு ஸ்பிரிங் தொடராக இருக்கிறது. ஆரம்பத்தில் ஃபிரேமும் அஸ்திவாரமும் ஆளுக்கு மில்லிமீட்டருக்கு 3,560 நியூட்டன் விறைப்போடு தொடரில் இருந்தால்தான் மொத்தம் 1,780 வரும். அதில் ஃபிரேமை மட்டும் நாலு மடங்காக்கினால் மொத்தம் 2,850-ஐத் தாண்டாது, இயல்பு அதிர்வெண் 1140 ஆர்.பி.எம்.மிலேயே நின்றுவிடும். அப்படி வந்தால் மேலும் வெல்டு செய்யாதீர்கள். ஆங்கர் போல்ட்டின் இறுக்கத்தையும் பேஸ் பிளேட்டுக்கு அடியில் கிரௌட் முழுசாக நிரம்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.